தாத்தாவோட மிலிட்டரி துப்பாக்கி பரண்ல இருக்கா? விலை பேசுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நம்ம சேனல்ல வழக்கமா தங்கம், சீட்டு, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னுதான் பேசுவோம். இந்த வாரம் துப்பாக்கி. தலைப்பைப் பார்த்துப் பயந்துடாதீங்க, இதுவும் பணக் கணக்குதான். ஆனா கணக்கு தப்பினா நஷ்டம் ரூபாயில வராது, வருஷத்துல வரும். ஜெயில் வருஷத்துல.

போன மாசம் திருப்பருத்திக்குன்றத்துல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணார். காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆத்தைத் தாண்டினா வர்ற ஊர். சமணர்கள் ஜின காஞ்சின்னு சொல்ற இடம். திரைலோக்கியநாதர் கோயில் மண்டபத்து மேற்கூரை ஓவியத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆளுங்க வருவாங்க. ஊருக்குள்ள நடந்தா தறிச் சத்தம் கேட்கும். எறும்பை மிதிக்கக்கூட யோசிக்கிற சமயம் வளர்ந்த ஊர்ல இருந்து எனக்கு வந்த கேள்வி, "சார், ஒரு மிலிட்டரி துப்பாக்கிக்கு நாலு லட்சம் நியாயமான விலையா?"

விஷயம் இதுதான். அவங்க பழைய ஓட்டு வீட்டை இடிச்சு தளம் போடுறாங்க. பரணைக் காலி பண்ணும்போது பழைய பாவுத் துணியில சுத்தி வெச்ச நீளமான சாமான் ஒண்ணு கிடைச்சிருக்கு. பிரிச்சா ரைஃபிள். கூடவே ஒரு தகர டப்பால தோட்டா பதினொண்ணு. தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளத்துல இருந்தவர். திரும்பி வந்து கடைசி வரைக்கும் தறியில உக்காந்தவர். "தாத்தாகிட்ட துப்பாக்கி இருந்துச்சாம்"னு வீட்ல ஒரு பேச்சு இருந்ததே தவிர, கண்ணால பார்த்தவங்க யாரும் இல்ல.

அண்ணன் அதை போட்டோ எடுத்து ஒரு நண்பருக்கு அனுப்ப, அது அவருக்குத் தெரிஞ்ச ஒரு புரோக்கர் கைக்குப் போயிருக்கு. "பழங்காலப் பொருள், கலெக்டர்ஸ் பீஸ், நாலு லட்சம் தர்றோம், பில் எல்லாம் வேணாம்"னு வாட்ஸ்அப்ல பதில். வீட்டு வேலைக்கு ஆறு லட்சம் துண்டு விழுது. மாஸ்டர் வீவர்கிட்ட ஏற்கெனவே முன்பணம் வாங்கியாச்சு. அந்த நிலைமையில நாலு லட்சம் சும்மா பரண்ல இருந்து இறங்கி வந்தா யாருக்குத்தான் ஆசை வராது? அதுக்கு மேல அவர் ஒரு அமெரிக்க வீடியோ வேற பார்த்திருக்கார். அதுல ஒருத்தர் இதே மாதிரி துப்பாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு, ஐம்பது வருஷம் தாண்டினா ஈஸியா வாங்கலாம்னு சொல்றார்.

அந்த வீடியோல சொன்னது பொய் இல்ல. அமெரிக்காவுல 'க்யூரியோ அண்ட் ரெலிக்'னு சேகரிப்பாளர்களுக்குத் தனி லைசென்ஸ் இருக்கு. கட்டணம் 30 டாலர், மூணு வருஷத்துக்கு செல்லும். ஐம்பது வருஷம் பழசான துப்பாக்கி பெரும்பாலும் அந்தக் கணக்குல வந்துடும். 1898 வரைக்கும் செஞ்சதுன்னா அங்கே மத்திய சட்டப்படி அது சாதாரண துப்பாக்கிக் கணக்குலயே வராது. ஆனா அண்ணன் வீடு இருக்கிறது காஞ்சிபுரத்துல. இங்கே முதல்ல கேட்கிறது "எத்தனை வருஷம் பழசு"ன்னு இல்ல. "என்ன தோட்டா போடும்? சுடுமா, சுடாதா?" இந்த ரெண்டுதான்.

அவர் அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்கிற இரும்புப் பட்டையில ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ., அதுக்குக் கீழே இஷாபூர், 1943. ஜி.ஆர்.ஐ.ன்னா அன்னைக்கு இருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரோட முத்திரை. இஷாபூர்ங்கிறது கல்கத்தா பக்கத்துல இருக்கிற அரசாங்க ரைஃபிள் தொழிற்சாலை. அதாவது இது .303 லீ என்ஃபீல்டு. பழைய சினிமாவுல போலீஸ்காரங்க தோள்ல மாட்டியிருப்பாங்களே, அதே துப்பாக்கி. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடதான் இதுக்கு விடை கொடுத்தாங்க. அவ்வளவு காலம் உழைக்கிற சாமான் இது. 1943-ல செஞ்சதுங்கிறதால "இது பழசு, சுடாது"ன்னு யாரும் சொல்லிட முடியாது.

பெரிய சிக்கலே இந்த .303-ங்கிற நம்பர்தான். நம்ம ஊர் ஆயுத விதிகள்ல துப்பாக்கிகளைப் பிரிவு பிரிவா பிரிச்சு வெச்சிருக்காங்க. ராணுவமும் போலீசும் பயன்படுத்துற தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கி எல்லாம் முதல் பிரிவு. .303 ரைஃபிள், 7.62 ரைஃபிள், 9 எம்.எம். பிஸ்டல், .380, .455 ரிவால்வர் எல்லாம் அதுல வரும். பேச்சு வழக்குல இதை 'புரொஹிபிட்டட் போர்'னு சொல்வாங்க. இதுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது கலெக்டர் ஆபீஸ் இல்ல, டெல்லியில இருக்கிற மத்திய உள்துறை அமைச்சகம். தனி மனுஷனுக்குக் கிடைக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வின்டேஜ் மிலிட்டரி துப்பாக்கின்னு ஜனங்க ஆசைப்படுற லீ என்ஃபீல்டு, வெப்லி ரிவால்வர் எல்லாமே பெரும்பாலும் இந்த முதல் பிரிவுக்குள்ளதான் மாட்டும். நம்ம அரசாங்கத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு .315 ரைஃபிள், .32 ரிவால்வர்னு தனி அளவுல செஞ்சு விற்கிறதே இதனாலதான். அந்த .315 ரைஃபிளே லீ என்ஃபீல்டு அமைப்பை வெச்சு செஞ்சதுதான், தோட்டா மட்டும் வேற.

அண்ணன்கிட்ட இதைச் சொன்னதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி எல்லாரும் கேட்கிறதுதான். "சார், நான் வாங்கலையே. தாத்தா வெச்சது. எனக்கே இப்பதானே தெரியும்?"

நல்ல பாயின்ட். 1972-ல குன்வந்த்லால் வழக்குல உச்ச நீதிமன்றம், ஆயுதம் வெச்சிருந்தான்னு சொல்லணும்னா அது இருக்குங்கிற அறிவு அவனுக்கு இருந்திருக்கணும்னு சொல்லியிருக்கு. ஏர்போர்ட்ல பையோட மூலையில பழைய தோட்டா ஒண்ணு கிடந்து மாட்டின பல பேர் இந்த வாதத்தை வெச்சுத்தான் ஹைகோர்ட்ல தப்பிச்சிருக்காங்க. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பாவுத் துணியைப் பிரிச்ச நிமிஷத்துல அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சு. போட்டோ எடுத்தாச்சு, விலை பேசியாச்சு, எல்லாம் தேதியோட, நேரத்தோட வாட்ஸ்அப்ல உக்காந்திருக்கு. எழுபது வருஷம் பரண்ல சும்மா கிடந்த சாமானுக்கு அன்னைக்குத்தான் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருக்கு. வட்டி ஓடுற மாதிரி, ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரா.

எவ்வளவு வட்டின்னு சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டத்தை 2019 டிசம்பர்ல திருத்தினாங்க. அதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாம சாதாரண துப்பாக்கியோ, தோட்டாவோ வெச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம், கூட அபராதம். தோட்டா மட்டும் இருந்தாலும் அதே கதை. தடை செய்யப்பட்ட ஆயுதம்னு வழக்கு போச்சுன்னா 7 வருஷத்துல இருந்து 14 வருஷம். வித்தா? லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி விற்கிறது சட்டத்துல இன்னும் பெரிய குற்றம், 7 வருஷத்துல தொடங்கி ஆயுள் வரைக்கும் போகும். புரோக்கர் பேசின நாலு லட்சத்துக்குப் பின்னாடி இருந்தது இதுதான். வாங்கினவன் அதை எங்கே கொண்டு போவான், யார் கையில கொடுப்பான், எந்த சம்பவத்துல அது வெளிய வரும்னு யாருக்குத் தெரியும்? நம்பர் மட்டும் அந்த இரும்புல இருக்கும்.

சில பேர் "நம்பரை அரத்தால தேய்ச்சுடலாமே"ன்னு யோசனை சொல்வாங்க. அடையாள எண்ணை அழிக்கிறது அதே சட்டத்துல தனிக் குற்றம். "கிணத்துல போட்டுடுங்க"ன்னு ஒரு மாமா சொன்னாராம். வேகவதியில தண்ணி வந்தா பார்க்கலாம்னு அண்ணன் சிரிச்சார். சிரிப்பு மட்டும்தான் வந்துச்சு, குரல்ல தெம்பு இல்ல.

இந்த இடத்துல பழம்பொருள் ஆசையைப் பத்தியும் பேசணும். ஏன்னா காஞ்சிபுரம் பக்கம் இந்த ஆசைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கு. காஞ்சிபுரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியோட கம்பெனிப் படையைத் தோற்கடிச்ச இடம். மைசூர் ராக்கெட்டு பறந்த போர். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எழுப்பின ரெண்டு தூண் இன்னும் வயல் பக்கத்துல நிக்குது. அதனால இந்தச் சுத்துவட்டாரத்துல பழைய வாள், குண்டு, துப்பாக்கின்னு எது கிடைச்சாலும் "திப்பு காலத்துது, கோடிக்கணக்குல போகும்"னு ஒரு பேச்சு கிளம்பிடும்.

கோடிக்கணக்குல போறது உண்மைதான், ஆனா எங்கே, எப்படின்னு பாருங்க. 2015-ல லண்டன் போனாம்ஸ் ஏலத்துல திப்பு காலத்து ஆயுதத் தொகுப்பு ஒண்ணு சுமார் 60 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. 2019-ல இங்கிலாந்துல பெர்க்ஷயர்ல ஒரு குடும்பத்து வீட்டுப் பரண்ல இருந்து எடுத்த திப்பு சம்பந்தப்பட்ட பொருட்களை ஏலம் விட்டாங்க. அதுல வெள்ளி வேலைப்பாடு செஞ்ச துப்பாக்கி ஒண்ணு 60,000 பவுண்டு. அன்னைய மதிப்புல 50 லட்சம் ரூபாய்க்கு மேல. பரண்ல கிடைச்சது, வித்தாங்க, பணம் வந்துச்சு. நம்ம அண்ணன் கதையும் அதே பரண் கதைதான். வித்தியாசம், அந்தத் துப்பாக்கி யாரோடதுன்னு சொல்ல வம்சாவளிக் காகிதம் இருந்துச்சு, அந்த ஊர் சட்டமும் வேற. இங்கே நூறு வருஷம் தாண்டின தொல்பொருளை 1972 தொல்பொருள் சட்டப்படி தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. உள்நாட்டுல தொல்பொருள் வியாபாரம் பண்ணவும் லைசென்ஸ் வேணும். 1943 இஷாபூர் ரைஃபிள் அந்த நூறு வருஷக் கணக்குலயும் வராது. லட்சக்கணக்குல செஞ்ச சாமான். அரிய பொருளும் இல்ல, பழம்பொருளும் இல்ல.

"அப்போ பழைய துப்பாக்கிக்கு விலக்கே கிடையாதா?"ன்னா, இருக்கு. ஆயுதச் சட்டம் 45-வது பிரிவுல, வழக்கொழிஞ்ச மாடலோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் துப்பாக்கியா பயன்படவே முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லியிருக்கு. அந்த "ரிப்பேர் பண்ணாலும்"ங்கிற வார்த்தையை ரெண்டு தடவை படிங்க. துரு ஏறினது, ஸ்பிரிங் உடைஞ்சது எல்லாம் போதாது. ஒரு மெக்கானிக் சரி பண்ண முடியும்னா அது துப்பாக்கிதான். இன்னொண்ணு, 2020 பிப்ரவரியில மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 'க்யூரியோ' வகையில வர்ற சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வெச்சிருக்க லைசென்ஸ் வேண்டாம்னு அறிவிச்சாங்க. ஆனா அதைச் சுடவோ, வெளிய எடுத்துட்டுப் போகவோ லைசென்ஸ் வேணும். லைசென்ஸ்ல ஏத்தாம அதுக்குத் தோட்டாவும் விற்க மாட்டாங்க. ஜமீன் வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற திரி வெச்சுச் சுடுற பழைய துப்பாக்கி மாதிரி விஷயங்களுக்கு இது உதவும். ஆனா 'க்யூரியோ'ங்கிற பேரை நாமளே ஒட்டிக்க முடியாது, அண்ணனோட புரோக்கர் ஒட்டின மாதிரி. கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துல வாங்கின பதில் கையில இருந்தாத்தான் அது க்யூரியோ.

குடகுக்காரங்களைக் காட்டி "அவங்க மட்டும் லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்காங்களே"ன்னு கேட்பீங்க. ஆமா, கொடவ இனத்தாருக்கும் ஜும்மா நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து விலக்கு இருக்கு. 2029 வரைக்கும் அதை நீட்டிச்சிருக்காங்க. அது அவங்களுக்குன்னு தனியா அரசாணை போட்டுக் கொடுத்தது, காஞ்சிபுரத்துக்கு வராது.

சரி, அண்ணன் என்ன பண்ணார்? நான் சொன்னது ஒண்ணுதான். விலையை மறங்க, இன்னைக்கே கிரிமினல் வழக்கு பார்க்கிற ஒரு வக்கீலைப் பாருங்க. துப்பாக்கியைத் துடைக்காதீங்க, எண்ணெய் போடாதீங்க, போல்ட்டை இழுத்துப் பார்க்காதீங்க. உள்ள தோட்டா இருக்கலாம். எழுபது வருஷத் தோட்டா எப்படி நடந்துக்கும்னு யாரும் சொல்ல முடியாது. பிள்ளைங்களை அந்த ரூம் பக்கமே விடாதீங்க. முக்கியமா, நீங்களே பைக்ல வெச்சுக் கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. வழியில செக்கிங்ல நிறுத்தினா, "ஒப்படைக்கத்தான் போறேன்"ங்கிறதை யார் நம்புவா?

சட்டம் 21-வது பிரிவு, சட்டப்படி வெச்சிருக்க முடியாத ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதம் இல்லாம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு சொல்லுது. அது எழுதினது லைசென்ஸ் முடிஞ்சவங்க, லைசென்ஸ்தாரர் இறந்த வீட்டுக்காரங்க மாதிரி ஆளுங்களை மனசுல வெச்சு. தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்துச்சாங்கிறதே தெரியாத வீட்ல அதை நேரா நம்பிட முடியாதுன்னுதான் வக்கீல் வேணும்ங்கறேன். இன்னொரு விஷயமும் வக்கீல் சொன்னார். லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்கு, அதாவது 3-வது பிரிவு வழக்குக்கு, மாவட்ட மாஜிஸ்திரேட்டோட முன் அனுமதி வேணும். அந்த ஃபைல் அவர் மேஜைக்குப் போகும்போது, "தானா வந்து சொன்னாங்க"ன்னு இருக்கிறதுக்கும் "புரோக்கர்கிட்ட விற்கும்போது பிடிச்சோம்"னு இருக்கிறதுக்கும் எவ்வளவு தூரம்!

வக்கீல் ஒரு கடிதம் தயார் பண்ணார். எந்தத் தேதியில, எந்த வேலை நடக்கும்போது, யார் யார் முன்னாடி கிடைச்சுது, என்ன முத்திரை, எத்தனை தோட்டா, எல்லாம். புரோக்கர் மெசேஜையும் மறைக்கல. எழுதித்தான் ஆகணும்னு வக்கீல் பிடிவாதமா இருந்தார், அது சரின்னு நான் நினைக்கிறேன். கடிதத்தோட வக்கீலும் அண்ணனும் மட்டும் ஸ்டேஷன் போனாங்க, துப்பாக்கி வீட்லயே இருந்துச்சு. போலீஸ் வந்து எடுத்தாங்க. வாக்குமூலம் வாங்கினாங்க. ரசீது கொடுத்தாங்க. ஒவ்வொரு ஊர்லயும் இவ்வளவு சுமுகமா நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இப்ப உங்க வீட்டுக் கதை வேற மாதிரி இருக்கலாம். அப்பா பேர்ல முறையான லைசென்ஸ், பன்னிரண்டு போர் துப்பாக்கி, அவர் காலமாகிட்டார்னு வெச்சுக்குவோம். இங்கே வழி இருக்கு. 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ்தாரர் இறந்தா வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். உயிரோட இருக்கும்போதே கூட, அவருக்கு 70 வயசு ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வெச்சிருந்தாலோ, அவர் கைகாட்டுற வாரிசுக்கு மாத்தலாம். அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சுன்னா இந்த வேலையை இப்பவே முடிச்சிடுங்க. அவரே கூட வந்து கையெழுத்து போடுறதுக்கும், அப்புறம் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லார்கிட்டயும் ஆட்சேபணை இல்லைன்னு பத்திரம் வாங்க அலையறதுக்கும் நிறைய வித்தியாசம். இதுக்கு நடுவுல, அப்பா இறந்த நாள்ல இருந்து புது லைசென்ஸ் வர்ற வரைக்கும் துப்பாக்கி வீட்ல இருக்கக் கூடாது. டெபாசிட் பண்ணி ரசீது வாங்கிடணும். "காரியம் முடியட்டும், முப்பதாவது நாள் முடியட்டும்"னு இழுத்தவங்கதான் மாட்டுறாங்க. டெபாசிட் பண்ணின ஆயுதத்தைக் குறிச்ச காலத்துக்குள்ள திரும்ப வாங்கலைன்னாலும், விக்கலைன்னாலும் அது அரசாங்கத்துக்குப் போயிடும்.

பழைய லைசென்ஸ் புத்தகம் தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. 1997-க்கு முன்னாடி காஞ்சிபுரம் மாவட்டம்னு ஒண்ணு கிடையாது, அது செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க. அதனால தாத்தா காலத்துப் பதிவேடு எந்த ஆபீஸ்ல இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கவே ரெண்டு மூணு நாள் போகும். புத்தகம் கிடைச்சாலும் அதுல யு.ஐ.என். எண் ஏறியிருக்கான்னு பாருங்க. தேசிய தரவுத்தளத்துல ஏத்தாத பழைய லைசென்ஸ் 2020 ஜூனுக்கு அப்புறம் செல்லாது.

வாரிசுங்கிறதால எல்லாம் சுலபம்னு நினைக்காதீங்க. 21 வயசு ஆகியிருக்கணும். மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்ல பத்திரமா பூட்டி வைப்பேன்னு உறுதிமொழி, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சிருக்க முடியாது. 2019-க்கு முன்னாடி மூணு. பரம்பரைத் துப்பாக்கியும் இந்த ரெண்டுக்குள்ளதான்.

செலவு? அரசாங்கக் கட்டணம் சின்னதுதான், அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. காசு போறது மத்த இடத்துல. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்று, நோட்டரி, பயிற்சி, சுவரோட போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, அதுக்கு மேல அலைச்சல். நெசவாளிக்கு ஒரு நாள் தறி நின்னா ஒரு நாள் கூலி போச்சு. அதையும் செலவுல எழுதுங்க, யாரும் எழுதுறதில்ல. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். தேர்தல் அறிவிச்சா துப்பாக்கியைக் கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்வாங்க, டீலர்கிட்ட வெச்சா அதுக்கு வாடகை. லோக்சபா, சட்டசபை, உள்ளாட்சின்னு அஞ்சு வருஷத்துல எத்தனை தேர்தல் வருதுன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம், இது என் அனுமானம்தான். எல்லாத்தையும் சராசரி பண்ணி மாசம் 500 ரூபாய்னு வைங்க. அதே 500 ரூபாயை 20 வருஷம் எஸ்.ஐ.பி.யில போட்டு, வருஷம் 10 சதவீதம் வளர்ந்தா கிட்டத்தட்ட 3 லட்சத்து 80 ஆயிரம் வரும். 10 சதவீதத்துக்கு கேரண்டி கிடையாது, கணக்குக்காக வெச்சது. நீங்க கட்டினது 1 லட்சத்து 20 ஆயிரம். அப்பா ஞாபகத்துக்கு இவ்வளவு தரலாம்னு உங்களுக்குத் தோணினா தாராளமா வெச்சுக்கோங்க, அதுல நான் தலையிட மாட்டேன். எங்க மாமனார் வீட்ல யாரும் ஓட்டாத அம்பாசிடர் ஒண்ணு இதைவிட அதிகம் சாப்பிடுது. ஆனா 'இன்வெஸ்ட்மென்ட்'னு மட்டும் சொல்லாதீங்க. வாங்குறவரும் லைசென்ஸ் வெச்சிருக்கணும்ங்கிற சந்தையில விலை ஏறாது, பேரம்தான் ஏறும்.

முறையா விற்கிறதுன்னா, உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கணும், வாங்குறவருக்கும் இருக்கணும். கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ வாங்குறவர் பேர், விலாசத்தோட எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் உள்ள டீலர் மூலமா கொடுக்கலாம். வரியைப் பொறுத்தவரைக்கும், பரம்பரையா வந்ததுக்கு வரி இல்ல, எஸ்டேட் டூட்டியை 1985-லயே எடுத்துட்டாங்க. விற்கும்போது சொந்த உபயோகப் பொருளா, கலைப்பொருளாங்கிறதைப் பொறுத்து மூலதன ஆதாய வரி வரலாம், வராமலும் போகலாம். பெரிய தொகைன்னா ஆடிட்டரைக் கேளுங்க. பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கெல்லாம் அந்தக் கவலை வராது.

கல்யாணத்துல, ஊர்வலத்துல வானத்தைப் பார்த்துச் சுடுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. 2019 திருத்தத்துல அதுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம்.

அண்ணன் கதைக்கு வர்றேன். அவருக்கு நாலு லட்சம் வரல. வக்கீல் ஃபீஸ் போச்சு, மூணு நாள் தறி நின்னுச்சு. வீட்டு வேலையில துண்டு விழுந்த ஆறு லட்சத்துல, மாடிப் படியையும் மேல் ரூமையும் தள்ளி வெச்சதுல மூணு லட்சம் குறைஞ்சுது. மீதிக்கு வீட்டம்மா நகையை பேங்க்ல வெச்சிருக்காங்க. அந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்கிறது எப்படின்னு தனியா உக்காந்து கணக்கு போட்டோம்.

துப்பாக்கி கூட இருந்த துணியில தாத்தாவோட டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டும் மடிச்சு வெச்சிருந்தது போன வாரம்தான் கிடைச்சிருக்கு. அதுல அவர் எந்தப் படைப்பிரிவுன்னு இருக்கு. காகிதத்துக்கு லைசென்ஸ் வேணுமான்னு கேட்டார், வேண்டாம்னேன். ஆனா அதோட நகலை விசாரணை ஃபைல்ல சேர்க்கச் சொல்லியிருக்கார் வக்கீல். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளுக்கு அதையும் ரசீது நகலையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் போறாங்க.